பந்து யாருடையதோ அவரே மேனேஜர்

தோற்கிற டீமில் பதினோரு பேரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது, மேனேஜரை மாற்றலாம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த பெருமையை இங்கிலாந்து கிளப்களுக்குக் கொடுப்பவர்கள் 1985 மழைக்காலத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நாங்கள் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றோம். மேனேஜர் போனார். நான்காவது ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கையில் பந்து இல்லை.

பந்து இல்லாததற்கும் மேனேஜர் போனதற்கும் சம்பந்தம் உண்டு. அதற்கு முன்னால் எங்கள் சீசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கால்பந்துக்கு சீசன் வைத்தது எந்தச் சங்கமும் இல்லை, மழைதான். குழித்தறி என்பது, நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காக வீட்டுத் தரையிலேயே தோண்டிய பள்ளம். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறும். பாவு நமுத்துப்போகும், ஜக்கார்டு அட்டை ஊதிக்கொள்ளும், தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். தீபாவளி வியாபாரம் முடிந்து தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் வருவதற்கு இடையில், கையில் காசும் வேலையும் இல்லாமல் வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்கும் இளவட்டங்களை எப்படியாவது வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று அம்மாக்கள் தவித்த நாட்கள்தான் எங்கள் கால்பந்து சீசன். 1985 நவம்பரில் சென்னையை மூழ்கடித்த மழை எங்களையும் விடவில்லை. ஆகையால் அந்த வருஷம் சீசன் நீண்டது. ஊருக்குள் எட்டு டீம் சேர்ந்து லீக் போட்டிருந்தார்கள். எங்கே தண்ணீர் வடிந்திருக்கிறதோ அது மைதானம்.

எங்கள் டீமின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கட்சி தெரிந்துவிடும். ஆடியவர்கள் பெரும்பாலும் தறிப் பையன்கள். மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும்; வெறுங்காலில் அடித்தால் பந்து அடுத்த தெருவுக்குப் போகும். ஆனால் வருஷம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்த இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டத்துக்கு ஒத்துழைக்காது. முதல் பாதியில் நாங்கள் நல்ல டீம். லீக்கில் துரதிர்ஷ்டவசமாக இரண்டு பாதி வைத்திருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் ஒரு சரிகை வியாபாரி. மேனேஜர் என்றால் அன்றைக்கு என்ன வேலை? பந்து வாங்கித் தருவது, நுழைவுக் கட்டணம் கட்டுவது, ஹாஃப் டைமில் ஆளுக்கு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுத் தருவது, தறி ஓடுகிற வீட்டுப் பையனை ஒரு மத்தியானம் விடச் சொல்லி அவன் முதலாளியிடம் பேசுவது. இந்த நாலில் கால்பந்து எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்கவும். அவர் வாங்கித் தந்தது தைத்த தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர். அதன் வாயைக் கட்டி உள்ளே தள்ளி, மேலே செருப்புக்குப் போடுவதுபோல லேஸ் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். மழையில் ஊறினால் பந்து இரண்டு மடங்கு கனக்கும். தலையால் முட்டும்போது லேஸ் பக்கம் பட்டால் நெற்றியில் கோடு விழும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது தோல்விக்கு மறுநாள் அவர் சைக்கிளில் வந்தார். “நீங்களும் ஆடி முடிச்சிட்டீங்க, நானும் பார்த்து முடிச்சிட்டேன்” என்றார். பந்தை எடுத்து கேரியரில் வைத்துக் கட்டினார். போய்விட்டார். இப்போதெல்லாம் ஒரு கிளப் மேனேஜரை அனுப்பும்போது ‘பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம், அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று அறிக்கை விடுகிறார்கள். எங்கள் பிரிவிலும் பரஸ்பர சம்மதம் இருந்தது. அவர் பந்தைக் கேட்கவில்லை, நாங்கள் தடுக்கவில்லை.

தேடல் ஆரம்பித்தது. முதலில் ஒரு டீக்கடைக்காரர் முன்வந்தார். பந்து உண்டு, டீ உண்டு, பொறை உண்டு. ஒரே நிபந்தனை, அவர் மகன்தான் சென்டர் ஃபார்வர்ட். பையன் நல்லவன்தான். பந்து அவன் பக்கம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.

அடுத்து ரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். எங்களுக்கு வாய்த்த ஒரே தகுதியான விண்ணப்பதாரர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம் வந்ததையும், அந்த அணியைப் பயிற்சியாளர் ஹைதராபாத் ரஹீம் எப்படி நிறுத்தினார் என்பதையும் குடைக் கம்பியால் ஈர மணலில் கோடு போட்டுக் காட்டினார். பின்னால் நாலு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நாலு பேர். நாங்கள் பந்து இருக்கிற இடத்தில் பத்துப் பேர் என்கிற முறையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். கடைசியில் எங்கள் கேப்டன் மெதுவாக, “சார், பந்து?” என்றான். “பந்தை நீங்க ஏற்பாடு பண்ணிக்கணும்” என்றார். குடையை விரித்துக்கொண்டு அவர் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். உலகத் தரத்துப் பயிற்சியாளர் ஒருவரை நிதி நெருக்கடியால் ஒரு கிளப் இழப்பதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

இதற்குள் நான்காவது ஆட்டம் வந்துவிட்டது. யாராவது ஒரு பெரியவர் பெயர் மேனேஜர் என்று நோட்டில் இருந்தாக வேண்டும். பாவு பிணைக்கிற ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு திருகு. அவ்வளவுதான். அப்படி ஆயிரக்கணக்கான இழை. தறிக்குள் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அந்த நேரமெல்லாம் அந்த வீட்டுச் சண்டை, கடன், சாப்பாடு எல்லாம் காதில் விழும். எவன் வீட்டில் குழியில் தண்ணீர், எவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், எவன் இடது காலில்தான் முதல் மிதி வைப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இடது கால்காரனை இடது பக்கம் நிறுத்தினார். சாப்பிடாமல் வந்தவனை கோல் கீப்பராக்கினார், ஓட வேண்டாம் என்று. கீப்பராக இருந்த தடியனை முன்னால் தள்ளினார். எதிர் டீமிடமே பந்தை இரவல் வாங்கினார். அந்த ஆட்டம் சமன். அடுத்த ஆட்டம் ஜெயித்தோம்.

ஜெயித்த அன்றைக்கு ராத்திரி கூட்டம் போட்டு, புது மேனேஜரைத் தேடுவதைத் தீவிரப்படுத்துவது என்று முடிவு செய்தோம். பெரியப்பாவும் கூட்டத்தில் இருந்தார். அவரும் கை தூக்கினார். இரவல் பந்தில் எத்தனை நாள்?

வந்தவர் சாயப்பட்டறை முதலாளி. ஜலந்தர் பந்து, புத்தம் புதியது. ஆளுக்கு மூன்று வாழைப்பழம். கால்பந்து அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் முன்முடிவுகள் எதுவும் இல்லாமல் வந்தார். எங்கள் பையன் ஒருவன் அழகாகப் பந்தை இன்னொருவனுக்குத் தட்டிவிட, அது எதிராளி காலில் போய் விழுந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து முதலாளி கத்தினார்: “டேய், நம்ம பந்தை எதுக்குடா அவனுக்குக் குடுக்கற? காசு போட்டு வாங்கினவன் நானு!” சொத்துரிமை பற்றி இவ்வளவு தெளிவான பார்வையுள்ள மேனேஜரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தோம். 1986 உள்ளாட்சித் தேர்தலில் அவர் வார்டுக்கு நின்றார். நோட்டீசில் ‘விளையாட்டு வீரர்களின் புரவலர்’ என்று இருந்தது. வாழைப்பழக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. தோற்றார், அந்த வாக்காளர்களில் எங்கள் அண்ணன்மார் பலர்.

அதெல்லாம் போகட்டும். இப்போதைய கதைக்கு வருகிறேன்.

2014ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, சென்னையின் எஃப்.சி. என்று ஒரு கிளப்பும் வந்தது. உரிமையாளர்களில் அபிஷேக் பச்சன், தோனி. முதல் மேனேஜர் மார்கோ மாடராஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேன் நெஞ்சில் முட்டினாரே, முட்டு வாங்கிய அந்த இத்தாலிக்காரர். அதற்குப் பிறகு வந்தவர்களை வரிசையாகச் சொன்னால் ஐரோப்பா வரைபடம் முக்கால்வாசி முடிந்துவிடும்: இங்கிலாந்தின் ஜான் கிரெகரி, ஸ்காட்லாந்தின் ஓவன் கோய்ல், ஹங்கேரியின் சாபா லாஸ்லோ, மாண்டினீக்ரோவின் போசிதார் பாந்தோவிச், ஜெர்மனியின் தாமஸ் பிரடாரிச், மறுபடி கோய்ல். சாயப்பட்டறையிலிருந்து யாரும் இல்லை. தகுதிச் சான்றிதழ் இல்லாமல் மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தக்கூட இப்போது அனுமதி கிடையாது.

கிரெகரி சாதாரண ஆள் இல்லை. ஆஸ்டன் வில்லாவை 2000ல் எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர். சென்னைக்கு வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூரை பெங்களூரிலேயே 3-2 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கினார். அடுத்த சீசனில் அதே கிளப் பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்துக் கடைசி இடம். அப்போது அவரை அனுப்பவில்லை. கோப்பை கொடுத்த கை என்று பொறுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த 2019-20 சீசன் ஆரம்பித்தது. நாலு ஆட்டம் முடிந்தும் ஒரு கோல் இல்லை. நாங்களாவது 1985ல் மூன்று தோல்வியிலும் கோல் அடித்திருந்தோம் என்பதை ஒரு வரலாற்றுக் குறிப்பாக மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஐந்தாவது ஆட்டம், 2019 நவம்பர் 25, ஹைதராபாத்துடன். அக்கா பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு என்னை அழைத்துப்போனான். செங்கல்பட்டு சுற்றிப் போகிற பீச் வண்டியில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் நடை தூரம். 1993 நேரு கோப்பைக்காக 260 நாளில் எழுப்பிய கட்டடம். அந்தக் கோப்பையை வட கொரியா வாங்கிக்கொண்டு போன காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். அன்றைக்கு ஆட்டம் தொண்ணூறு நிமிஷம் ஓடியும் கோல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கடைசி பஸ்ஸை நினைத்து நானும் கால் மாற்றிக்கொண்டிருந்தேன். கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி ஒன்று போட்டார். கிளப்புக்கு அந்த சீசனின் முதல் கோல். படியில் இறங்கியவர்கள் திரும்பி ஓடி வந்து அவர்கள் உட்காருவதற்குள் ஹைதராபாத் ஒன்று போட்டது. மறுபடி இறங்க ஆரம்பித்தார்கள். அதற்குள் வால்ஸ்கிஸ் இன்னொன்று. மூன்று கோலும் தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல். எனக்கு முன்வரிசையில் ஒருவர் இரண்டு படியில் இரண்டு காலை வைத்துக்கொண்டு, ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தார்.

“மாமா, கிரெகரி தப்பிச்சாரு” என்றான் பையன். மூன்று நாள் கழித்து ஒடிசாவுடன் 2-2 சமன். நவம்பர் 30ஆம் தேதி கிரெகரி விலகினார். ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி.

டிசம்பர் முதல் வாரத்தில் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினான்: ‘புது கோச் பேரு கோயில், மாமா.’ நம்ம ஊர்ல இல்லாத கோயிலா என்று பதில் போட்டேன். பர்ன்லி கிளப்பை 2009ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர் என்று அவன் விவரம் அனுப்பினான். என்னைப் பிடித்தது வேறு விவரம். அவர் பிறந்தது பெய்ஸ்லியில். காஷ்மீர் சால்வையில் இருந்த மாங்காயைப் பார்த்துப் பார்த்து நெய்து, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க விற்ற ஸ்காட்லாந்து நெசவு ஊர் அது. எங்கள் ஊர் முந்தானையிலும் மாங்காய் உண்டு. காப்புரிமை கேட்டு நாங்களும் போகவில்லை, அவர்களும் வரவில்லை. இதை எங்கள் தெருவில் இன்னும் தறி வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கால்பந்து பார்ப்பதில்லை. “நெசவு ஊர்க்காரனா? அப்ப பாதித் தறியில உக்காரக் கூடாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணுமே” என்றார்.

அவர் சொன்னது தொழில் விஷயம். எங்கள் ஊர்ப் பாவு ஒன்றில் வழக்கமாக மூன்று புடவை வரும். ஒருவர் பாதி நெய்த புடவையில் இன்னொருவர் உட்கார்ந்தால், பாவு அதே, ஊடை அதே, சரிகை அதே, ஆனால் அச்சை இழுத்து அடிக்கிற அடி வேறு. கை மாறின இடத்தில் நெருக்கம் மாறும். வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும். கடைக்காரர் கண்ணில் அது படாமல் போகாது. கூலியில் பிடிப்பார். அதனால் காய்ச்சலில் விழுந்தாலும் நெசவாளி புடவையை முடித்துவிட்டுத்தான் படுப்பார். இல்லாவிட்டால் தறி காத்திருக்கும்.

கோய்ல் பாதித் தறியில்தான் உட்கார்ந்தார். கோடும் தெரிந்தது, ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த துணி நன்றாக இருந்தது. புது ஆள் யாரையும் பெரிதாகச் சேர்க்கவில்லை. அதே கிரிவெல்லாரோ, அதே வால்ஸ்கிஸ், அதே சாங்தே, அதே தாப்பா. முன்னால் போய் ஆடச் சொன்னார், ஆடினார்கள். அடியில் கிடந்த டீம் 29 புள்ளியோடு நாலாவது இடத்துக்கு வந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவை நேரு ஸ்டேடியத்தில் 4-1 என்று அடித்தார்கள். நாலு கோலை நாலு பேர் போட்டார்கள், அதில் இரண்டு பேர் பின்வரிசைக்காரர்கள். கோவாவில் 4-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனார்கள். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் கதவைச் சாத்திய ஃபதோர்டா மைதானம். கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. லீகிலேயே அதிகக் கோல் அடித்தவர்களில் முதலாவது வால்ஸ்கிஸ், பதினைந்து கோல். அவரையும் கிரிவெல்லாரோவையும் தேடிக் கொண்டுவந்தது எந்த மேனேஜரின் காலத்தில் என்று யாரும் கேட்கவில்லை. பாவு ஏற்றியவருக்குப் புடவையில் பெயர் போடுகிற வழக்கம் எங்கள் ஊரிலும் கிடையாது.

அப்படியானால் பாதியில் மேனேஜரை மாற்றுவது சரிதானே என்று பையன் கேட்டான். இங்கேதான் நெதர்லாந்துக்காரர் ஒருவர் குறுக்கே வருகிறார். பாஸ் டர் வீல் என்கிற பொருளாதார அறிஞர், அந்நாட்டு முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்ததை அலசி 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தோற்றுக்கொண்டே போன டீம், மேனேஜரை அனுப்பியதும் கொஞ்சம் நிமிர்கிறது, உண்மை. ஆனால் அதே அளவுக்குத் தோற்றும் மேனேஜரை அனுப்பாமல் வைத்துக்கொண்ட டீமும் ஏறக்குறைய அதே அளவு நிமிர்கிறது. அதாவது பள்ளத்தில் விழுந்தவன் எப்படியும் எழுந்திருக்கப் போகிறான். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவருக்குச் சால்வை.

இதற்கு ஹாலந்து வரை போக வேண்டியதில்லை. 2015ல் இதே சென்னையின் எஃப்.சி. கடைசி இடத்தில் கிடந்தது. மாடராஸியை யாரும் அனுப்பவில்லை. வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்தார்கள். வந்த நேரம், எங்கள் பக்கத்துத் தறிக்குழிகளையும் சென்னையையும் ஒன்றாக நிரப்பிய அந்த டிசம்பர் வெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய ஆட்டத்தைப் புனேயில் போய் ஆடி கொல்கத்தாவை 3-0 என்று தோற்கடித்தார்கள். டிசம்பர் 20 இறுதியில் கோவாவுடன் 3-2. கடைசி கோல் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவுடையது. அன்றைக்கு எங்கள் தெருவில் வாளியால் குழித் தண்ணீரை இறைத்துக்கொண்டே செல்போனில் ஸ்கோர் கேட்டார்கள். மாற்றாமல் வைத்த மேனேஜர் கோப்பை வாங்கினார். மாற்றி வந்த மேனேஜர் இறுதியில் தோற்றார். இதை வைத்து எந்தப் பக்கமும் வாதாடலாம். கிளப்கள் வாதாடுவதில்லை, மாற்றிவிடுகின்றன.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் பாந்தோவிச்சை அனுப்பினார்கள். சீசன் முடியப் போகிறது, ஐரோப்பாவிலிருந்து ஆள் வர நேரமில்லை. மிச்ச ஆட்டங்களை யார் கையில் கொடுத்தார்கள்? சையத் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணியில் ஆடி, அதே அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவர். பெரிய மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். அவர் உதவிப் பயிற்சியாளராகப் பக்கத்திலேயே இருப்பார். தற்காலிகம் என்கிற சொல்லோடு அவர் பெயர் வந்தது. எட்டாவது இடத்தில் சீசன் முடிந்ததும் பிரடாரிச் வந்தார். அறிக்கையைப் படித்தபோது சாம்பல் தொட்ட இரண்டு விரல் எனக்கு ஞாபகம் வந்தது. பெரியப்பாவிடம் அன்றைக்கு இல்லாதது பந்து. பாஷாவிடம் எது இல்லை என்று அறிக்கையில் இல்லை.

தற்காலிகம் நிரந்தரமான கதையும் உண்டு, மறைக்கக் கூடாது. 2021 ஜனவரியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் நடு சீசனில் ஸ்பெயின்காரரை அனுப்பிவிட்டு, சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லி காலித் ஜமீலிடம் கொடுத்தது. அவர் தோற்க மறுத்து, டீமை அரையிறுதி வரை கொண்டுபோய்விட்டார். வேறு வழியில்லாமல் நிரந்தரமாக்கினார்கள். 2025ல் இந்திய அணிக்கே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வுதான் சமீப காலத்தில் என்னை அதிகம் சிரிக்க வைத்தது. நூற்றியெழுபது விண்ணப்பம். அதில் பார்சலோனாவின் சேவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் மின்னஞ்சல். சேவி வேண்டாம், சம்பளம் கட்டுப்படியாகாது என்று ஒரு பேச்சு கிளம்பிப் பத்திரிகைகளில் இரண்டு நாள் ஓடியது. பிறகுதான் அந்த இரண்டு மின்னஞ்சலும் உண்மையானவை இல்லை என்று இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. குடைக் கம்பியோடு வந்த எங்கள் ரயில்வேக்காரராவது நேரில் வந்தார்.

அதே 2025ல் சென்னையின் எஃப்.சி. ஒருவழியாக இந்தியர் ஒருவரை, கோவாவின் கிளிஃபர்ட் மிராண்டாவை, தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. மற்ற வருஷம் என்றால் செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் லீக் தொடங்கிவிடும். அந்த வருஷம் உரிம ஒப்பந்தத் தகராறில் லீகே நின்றுவிட்டது. இத்தனை காலம் சீசன் இருந்தது, மேனேஜரைத் தேடினார்கள். மேனேஜர் கிடைத்தார், சீசனைத் தேடினார்கள்.

ஊரில் இப்போது மழைக்கும் கால்பந்துக்கும் சம்பந்தம் விட்டுப்போயிற்று. தறிச் சத்தம் கேட்கிற வீடுகள் குறைந்துவிட்டன. பையன்கள் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, சுற்றி வலை, மேலே விளக்கு. அக்கா பையன் டீமில் எல்லோரும் செல்சி, ரியல் மாட்ரிட் பனியன். பூட்ஸ் இல்லாத கால் ஒன்றுகூடக் கிடையாது. வாரக் கடைசி லீக். நாலு ஆட்டம் தோல்வி. மேனேஜர் என்பவர் வாட்ஸப் குழுவின் அட்மின். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வாழ்த்தி அறிக்கைகூட இல்லை.

“அடுத்து யாருடா?”

“ரெண்டு பேரு இருக்காங்க மாமா. ஒருத்தரு டி லைசென்ஸ் கோர்ஸ் முடிச்சவரு. எங்க கம்பெனிதான், வேற ஷிஃப்ட். ஒவ்வொருத்தன் ஆட்டத்தையும் போன்ல எடுத்துவெச்சு, எங்க தப்பு பண்றோம்னு காட்டுவாரு. ஞாயித்துக்கிழமை அவர் சொன்னபடி ஆடினோம், டிரா.”

“இன்னொருத்தர்?”

“கிரவுண்டு ஓனரோட மச்சான். அவரை மேனேஜராப் போட்டா வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஃப்ரீ.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“குரூப்ல ஓட்டு வெச்சோம் மாமா. மச்சான் ஜெயிச்சிட்டாரு. ஆனா அவரு வெளியூர் போயிருக்காரு. அதுவரைக்கும் லைசென்ஸ் அண்ணனைப் பாத்துக்கச் சொல்லியிருக்கோம். பொங்கல் வரைக்கும்தான்னு தெளிவா சொல்லிட்டோம்.”

“அவர் என்ன சொன்னார்?”

“எந்த வருஷத்துப் பொங்கல்னு கேட்டாரு.”